மீட்டரில் எரிந்த மஞ்சள் விளக்குகள்

இன்று காலையும் வண்டியைக் கிளப்பியதும் மீட்டரில் பிரேக் கோளாறைக் காட்டும் அந்த இரண்டு மஞ்சள் விளக்குகளும் அணையாமல் நின்றன. நீங்கள் அவற்றின்மேல் ஒட்டிய கறுப்பு டேப் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டது. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. உங்கள் காரை இப்போது நானே ஓட்டுகிறேன். இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

இந்த விளக்குகளுக்காக உங்களை எவ்வளவு பேசியிருக்கிறேன்! விராலிமலையிலிருந்து இலுப்பூர் ஆபீஸில் என்னைக் கொண்டுபோய் விடும் வழியெல்லாம் அதே பேச்சுதான்.

"ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புல விட்டா என்னங்க?"

"பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. சும்மா வா புள்ள."

மழை பெய்தால் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போவீர்கள். மாட்டுவண்டி நம்மை முந்திவிடும் என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். கடைசி நாளும் அப்படித்தான். "பொண்டாட்டி ஒக்கார்ற வண்டின்னு அக்கறை இருந்தா இப்படி விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆபீஸுக்குள் போனேன். மத்தியானம் உங்களுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இன்று ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் தம்பி ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தார். இடது பின்சக்கர சென்சாரில் கோளாறு என்று காட்டியது. சக்கரம் சுற்றும் வேகத்தை அது சொன்னால்தான், ஈர ரோட்டில் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்குமாம். "அப்ப புதுசு மாட்டிருங்க தம்பி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை ஜாக்கியில் தூக்கிக் காட்டினார். அச்சில் என் கருப்பர் கோவில் கயிறு.

வண்டி வாங்கிய அன்று நானே மண்டியிட்டுக் கட்டியது. ஆபீஸில் கண்டால் சிரிப்பார்கள் என்று, வெளியே தெரியாமல் உள்பக்கம் கையைவிட்டுக் கட்டினேன். அவிழ்க்கவே கூடாது என்று உங்களிடம் சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டும் வந்தேன். தெரியாமல் சென்சார் ஒயரையும் சேர்த்து இறுக்கியிருக்கிறேன். வண்டி குலுங்கிக் குலுங்கி, ஒயர் உள்ளுக்குள் அறுந்துபோயிருந்தது.

"அண்ணன் போன வருசமே வந்தாரு அக்கா" என்றார் தம்பி. "கயித்த அறுத்தாத்தான் ஒயர மாத்த முடியும்னேன். 'அவ வெரதம் இருந்து கட்டுனதுப்பா. அதாலதான்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவா. நான் பாத்து மெதுவா ஓட்டிக்கிறேன், அவகிட்ட சொல்லிராத'ன்னாரு."

பழைய டயர்களின்மேல் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அழுதேன். பிறகு அறுக்கச் சொன்னேன். ஒயரை மாற்றியதும் இரண்டு விளக்குகளும் அணைந்தன.

அக்கறை இல்லை என்று உங்களைச் சொன்ன வாயை என்ன செய்வது? அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. வீடு வரும்வரை உங்களைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். "நீ கட்டுன கயிறுதான் புள்ள" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு நாள் அழுதிருப்பேன், மூன்றாம் நாள் மறந்திருப்பேன். இப்போது எத்தனை நாள் அழுவது என்று நீங்களே சொல்லுங்கள்.