ரெண்டுக்கும் ஒரே எண்

என் தங்கமே,

வார்டில் தூக்கம் வருகிறதா?

"சந்தோஷத்துல செத்துடலாம் போலிருக்கும்மா" என்று கண்ணீரோடு சிரித்தாயே, பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நானும் சிரித்தேன். நீ நிஜமாகவே சொன்னாய் என்று மறுநாள் ஆம்புலன்ஸில்தான் புரிந்தது.

ஆஸ்பத்திரிக் கோப்புகளில் டாக்டர் எழுதும் நோய்க்கு உரிய எண்ணைப் போடுவதுதானே என் வேலை; இன்று உன் கோப்பு என் மேஜைக்கே வந்தது. சொந்தக்காரர்களுக்கு நாங்கள் நோய் எண் போடக்கூடாது. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் தள்ளினேன். நீ யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, இந்தப் பொண்ணுக்கு மேனியாவா, டிப்ரஷனா? டாக்டர் ரெண்டையும் எழுதியிருக்காரே!"

"பைபோலார்ல அளவுமீறின குஷியும் சோகமும் சிலசமயம் ஒண்ணாவே வரும்மா. கலப்புன்னு அதுக்குத் தனி எண் இருக்கு, அதைப் போடு" என்றேன். பிறகு முகம் கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

நோய் தணிந்தபின் போடவும் ஓர் எண் இருக்கிறது, கண்ணு. அதை மட்டும் யாரிடமும் தள்ளமாட்டேன்.

அம்மா