சோப்பில் சிவந்த மஞ்சள்

காலையில் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். நேற்றைய குழம்புக் கறையில் சோப்புப் பட்டதும், மஞ்சள் சிவந்து விரிந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஈர மஞ்சள் வாசத்தில் சந்திரகிரியின் இந்த வீடு கரைந்து, நகரியில் என் கல்யாண மண்டபம் தெரிந்தது. நீயும் தெரிந்தாய்.

ரேணிகுண்டாவில் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போனவர்கள் நாம். நீ ஃபேக்டரி லேபில். நான் அதே ஃபேக்டரியின் ஆபீஸில். என் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டாய்.

அன்று நலங்கு வைத்தபோது, பக்கத்தில் மடித்து வைத்திருந்த மாப்பிள்ளையின் வேட்டியில் மஞ்சள் பட்டுவிட்டது. முகூர்த்தத்துக்கென்று அவர்கள் வீட்டுத் தறியிலேயே நெய்த வெள்ளை வேட்டி. என் மாமியார் அதில் சோப்புப் போட்டதும் கறை ரத்தமாய்ச் சிவந்தது. சுற்றி நின்றவர்களில் யாரோ "அபசகுனம்" என்று முணுமுணுத்தார்.

"முகூர்த்தத்துக்கு முந்தி இப்படி ஆவுதே. தள்ளி வெச்சுக்கலாமா?" என்றார் மாமியாரின் அக்கா. என்னைப் பெற்ற நைனா அவரிடம் கைகூப்பினார்.

நீ வேட்டியின் அருகே போய்க் குந்தினாய். "அம்மா, ஆரத்திக்கு மஞ்சத்தண்ணில இன்னா போடுவீங்க?"

"சுண்ணாம்பு" என்றார் மாமியார்.

"போட்டதும் செவக்குது இல்ல? சுண்ணாம்புல கீற காரம் சோப்புலயும் கீது. மஞ்சள்ல கீற சாயம் தங்கிட்ட கீற ஹைட்ரஜன காரத்துக்குக் குடுத்துடும். குடுத்ததும் அதோட அமைப்பு மாறிடும், செவப்பா தெரியும். புளிப்பு பட்டா, குடுத்தது திரும்பி வந்துடும்."

எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்தாய். சிவப்பு கனவு கலைவதுபோல் விலகி, மஞ்சள் திரும்பியது. மாமியார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத்தினி வருசமா ஆரத்தி சுத்திக்கினு இருக்கோம், ஏன்னு ஒருத்தரும் கேக்கல" என்று சிரித்தார்.

"நல்லா அலசி வெயில்ல போடுங்கம்மா. மிச்சத்த வெயிலு துன்னுடும்" என்றாய். மறுநாள் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அவர் எனக்குத் தாலி கட்டினார்.

"ஏன்னு தெரியாத வரைக்கும்தாண்டி பயம்" என்று என் காதருகே சொன்னாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாய் இறங்கும் மருந்தைப் பார்த்தபடி, "இது உள்ள போய் இன்னா பண்ணும்?" என்று நர்ஸைக் கேட்டாய். அவர் சொன்னதையெல்லாம் எனக்குக் கதைபோல் சொன்னாய். உன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கேள்வி மட்டும் நீ போகும் நாள்வரை தேயவில்லை.

போன வாரம் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், இனி தினமும் மாத்திரை என்றார். தலையாட்டிவிட்டு எழுந்தேன். கதவுவரை போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஏன் சார் இப்படி ஆவுது?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.