நான்கு மூலையிலும் மரு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒப்புக்குக் கேட்பேன். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், பதில் வேண்டும்.

உன் பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் சால்வையும் பின்னிவிட்டு, மிஞ்சிய நூலில் எங்களுக்குக் குட்டிக் குட்டியாக ஏதாவது பின்னி அனுப்புவாயே, அதே பெட்டிதான். மகளுக்குத் தலைப்பட்டை, இவருக்கு மூக்குக்கண்ணாடி உறை, எனக்குக் கோப்பைக்கு அடியில் வைக்க ஆறு சதுரங்கள். மகள் தலைப்பட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். இவர் கண்ணாடியை உறைக்குள் வைத்துவிட்டு, உறையை எங்கே வைத்தேன் என்று கண்ணாடி இல்லாமல் தேடுகிறார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மூக்கு வேர்த்துவிட்டது.

சின்ன வயதில் ஒரே புத்தகத்தை வைத்துத்தானே இரண்டு பேரும் பின்னக் கற்றோம்? பின்னலை எப்படி முடிப்பது என்று சொல்லும் கடைசிப் பக்கம் அதில் கிழிந்து போயிருந்தது. நாமாக ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தோம். நூலை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தால் கடைசி மூலையில் ஒரு மேடு தட்டும். அதற்கு மரு என்று நீதான் பெயர் வைத்தாய். சரியான முறை தெரிந்த பிறகும் நீ மாற்றிக்கொள்ளவில்லை, உன்னைப் பார்த்து நானும் மாற்றிக்கொள்ளவில்லை. இப்படித் தப்பாக முடிக்கிறவர்கள் உலகத்தில் நாம் இரண்டே பேர். ஆறு சதுரங்களையும் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றில்கூட மரு இல்லை. கடைக்காரன் போட்ட முடிச்சு மாதிரி மழமழவென்று இருக்கிறது.

இன்னொன்று. மிச்சம் என்றால் முதலில் ஒரு முழுசு இருக்க வேண்டும். தலைப்பட்டையின் பச்சை, என் மகளுக்குப் போன வருஷம் போட்ட ஸ்வெட்டரின் பச்சை. கண்ணாடி உறையின் நீலம் அதற்கும் முந்தைய வருஷத்துச் சால்வை. இந்த வருஷத்து நிறம் என்று பெட்டியில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் இந்த வருஷம் நீ என்னதான் பின்னினாய்?

கடிதமும் தட்டச்சில் வந்திருக்கிறது. உன் கோழிக் கிறுக்கலை நான் என்றைக்காவது குறை சொன்னேனா? மாதக்கணக்காகத் தொலைபேசியில் எப்போது கூப்பிட்டாலும் அத்தான் எடுத்து, "குளிச்சிட்டு இருக்காம்மா" என்கிறார். காலையில் குளியல், மதியம் குளியல், சாயங்காலமும் குளியல். நீ என்ன மீனா?

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நேரம் வாங்கிவிட்டு வராமல் போனவர்கள் சொல்லும் பொய்யை எல்லாம் கேட்டுக் கேட்டு என் காது பழுத்துவிட்டது. என் காதில் பூ சுற்ற வேண்டாம் என்று அத்தானிடம் சொல். உனக்கும் அவருக்கும் சண்டையா? அந்த வீட்டில்தான் இருக்கிறாயா? உன் கையால் எழுது.

உன் வாலு

*

அக்காவுக்கு,

பதிமூன்றே நாளில் இரண்டாவது பெட்டி. வருஷத்துக்கு ஒன்று அனுப்புகிறவளுக்கு இத்தனை அவசரம் ஏன்? பெட்டிக்குள் நான்கு சதுரங்கள், ஒரு சாவிக்கொத்து உறை. இந்த முறை மரு இருக்கிறது. இருக்கிறதா? ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு மூலையிலும் இருக்கிறது!

அக்கா, மரு என்பது முடிக்கிற இடத்தில் வருவது. ஒரு துணிக்கு ஒரு முடிவுதான். மற்ற மூன்று மூலையில் யாரோ தனியாக ஊசி நூலால் தைத்து மேடு பண்ணியிருக்கிறார்கள். என் கடிதத்தை வாசித்துவிட்டு, மரு இல்லை என்றுதானே குதிக்கிறாள், இந்தா பிடி என்று அள்ளிப் போட்டிருக்கிறார்கள். உனக்கு நான் எழுதுவதை வேறு யாரோ படிக்கிறார்கள். படித்துவிட்டு உன்னைப் போல் நடிக்கவும் செய்கிறார்கள்.

நூலைப் பார்த்தேன். பழுப்பு. சுருட்டை சுருட்டையாக வளைந்து நிற்கிறது. ஏற்கெனவே பின்னியதைப் பிரித்து எடுத்த நூல்தான் அப்படி இருக்கும். அந்தப் பழுப்பு எனக்குத் தெரியும். அத்தானுக்கு நீ கல்யாணமான முதல் வருஷம் போட்டுக் கொடுத்த ஸ்வெட்டர். முழங்கை தேய்ந்தபோதும் தூக்கிப் போடாமல் ஒட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டவர் அவர். அதைப் பிரிக்க உனக்கு எப்படி மனசு வந்தது? நீ பிரிக்கவில்லை என்றால், யார் பிரித்தது? அந்த வீட்டில் உன் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் யார்?

எழுதிவிட்டேன். பத்து நாளாக வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தானைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று எனக்கே கூசுகிறது. இவரிடம் சொன்னால், "உனக்குப் போலீஸ் வேலைதான் கிடைச்சிருக்கணும், தப்பிச்சோம்" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அத்தான் கடிகாரம் பழுது பார்க்கும் மேசையை விட்டு நகராத மனிதர், ஒரு பெண்ணைப் பார்த்து மணி சொல்லக்கூடக் கூச்சப்படுவார் என்றெல்லாம் இவர் வக்காலத்து வாங்குகிறார். அமைதியான மனிதர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதைப் படிப்பது நீயாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீயே கூப்பிடு. கடிதம் வேண்டாம், பெட்டி வேண்டாம். உன் குரலைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். படிப்பது வேறு யாராகவாவது இருந்தால், என் அக்காவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள் சும்மா இருக்க மாட்டாள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளவும்.

தங்கை

*

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் கைப்பட எழுதிய கடிதம் இன்று மதியம் வேலையிடத்துக்கு வந்தது. மேசையிலேயே பிரித்துப் படித்தேன். பல்வலியோடு காத்திருந்த ஒருவர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்ததும் ஓடிப்போய் எடுத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், "வா... வா..." என்று இழுத்தது. கனத்த, குழறுகிற குரல். அது என் அக்காவின் குரலே இல்லை. என் அக்கா பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வானொலியைக் குறைப்பார்கள். நடிப்பு மூன்றாவது சுற்றுக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. "யாருடி நீ? என் அக்கா மாதிரியா நடிக்கிறே?" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? இனிமேல் இந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் நடக்கிறதே வேறு என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, நன்றாக மாட்டிக்கொண்டார்கள் என்று பெருமையாக இருந்தது அத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குளியலறை வாசலில் விழுந்ததும், வலது பக்கம் இழுத்துக்கொண்டதும், பேச்சு போனதும் இப்போதுதான் தெரிகிறது. தங்கையிடம் சொல்லவே கூடாது என்று அவள் இடது கையால் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினாளாமே. என் கருப்பை அறுவை சிகிச்சை முடிந்து நான் படுத்திருந்த வாரம் அது. எனக்காக மறைத்திருக்கிறாள். நான் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, சொல்லத் தெரியாமல் நீங்கள் மறைத்திருக்கிறீர்கள்.

பெட்டி போகாவிட்டால் வாலுவுக்குச் சந்தேகம் வரும் என்று நீங்கள் பின்னக் கற்றுக்கொண்டீர்கள். கடிகாரத்தின் பற்சக்கரம் பிடிக்கும் கையால் முடிச்சுப் போட்டால் மழமழவென்று வராமல் என்ன செய்யும்? மரு எங்கே வரும் என்று அவளிடம் கேட்டபோது, நான்கு விரலைக் காட்டினாள், அதனால் நான்கு என்று நினைத்துவிட்டேன் என்கிறீர்கள். நான்காவது மூலை என்று சொல்லியிருப்பாள் பாவம். மிச்ச நூல் தீர்ந்ததும், புது நூல் வாங்கினால் அதன் முழுசு எங்கே என்று நான் கேட்பேன் என்று உங்கள் ஸ்வெட்டரைப் பிரித்திருக்கிறீர்கள். எனக்குப் பயந்து இரண்டு பேரும் அந்த வீட்டில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட உங்களை என்னவெல்லாம் நினைத்தேன் என்று அந்தக் கடிதத்திலேயே படித்திருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கொன்றுவிட்டது. ஒரு மாதமாகத் தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தையைப் பழகினாள், அது உன் பெயர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையின் பாதியில்தான் நான் தொலைபேசியை வைத்தேன். அன்றிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

புதன்கிழமை காலை வண்டியில் வருகிறேன். விடுப்புக் கேட்டேன், மருத்துவர் எத்தனை நாள் என்றார், தெரியாது என்றேன். இவரும் மகளும் சமாளித்துக்கொள்வார்கள். எனக்காக வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டாம். அக்காவுக்குப் புடவை மாற்றி, தலை வாரி, நன்றாக இருப்பது போல் உட்கார வைக்கவும் வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும்.

நான் வரும் வரை இந்தக் கடிதத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அக்கா, நான் வந்து உன் காலடியில் உட்காருவேன். நீ என்னைத் திட்ட வேண்டும். ஒரு வார்த்தைக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை, நீ முடிக்கும் வரை நான் குறுக்கே பேச மாட்டேன்.

உங்கள் இருவரின்,
வாலு