ஒன்பது அங்குலத் திட்டு

1984 ஜூன் 4, திங்கள்

விடியற்காலை முதல் மழை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் தாமதம். ஐலண்டில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

புதுக் குளியலறை இன்னும் முடிந்தபாடில்லை. டைல்ஸ் ஒட்டியாயிற்று. சங்கடம் என்னவென்றால் கக்கூஸும் குளியலும் ஒரே அறைக்குள். அப்பா காலத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கொல்லையே கிடந்தது. அங்கே பட்ட தண்ணீர் இங்கே தெறித்தால் மடி என்ன மடி. குளிக்கிற மூலைக்கு ஓர் அடைப்பு வேண்டும். யோசித்தவை:

பிளாஸ்டிக் திரை. வேண்டாம். ஈரத்தில் உடம்போடு ஒட்டும்.
அரைச்சுவர். ஜயத்தின் விருப்பம். தெறிப்பதை முழுக்கத் தடுக்காது.
அலுமினியச் சட்டம், பால் கண்ணாடி, கதவு. திருப்பூணித்துறையில் ஹெட் கிளார்க்கின் தம்பி வீட்டில் பார்த்தது. கல்ஃப் பணம். ஆனாலும் சுத்தம்.

ஜயம் சொன்னது: "ஏன்னா, அரைச்சுவர் போறும். ரெண்டு பேர் நிக்கறாப்பல அகலமா மட்டும் இருக்கட்டும்."

"குளிக்கறதுக்கு எதுக்கு ரெண்டு பேர்?"

அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவளுடைய தோள் வலித் தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 6, புதன்

அரை நாள் லீவு. பிராட்வே. குடை ஒரு கம்பி போயிற்று.

கடையில் நாலைந்து மாதிரி நிற்கவைத்திருக்கிறார்கள். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி ஒன்றில் உள்ளே போய் நின்று பார்த்தேன். கையைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால் இடிக்கவில்லை. கடைக்காரர்: "ஒராளுக்கு இது தாராளம் சாரே." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்லிவிட்டு வந்தேன்.

அடியில் கட்டுகிற திட்டு நாலு அங்குலம் போதும் என்றார். ஒன்பது என்றேன். அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது. சிரித்தார். சிரிக்கட்டும்.

ஜயத்தைக் கூட்டிப் போகவில்லை. மழை.

தைலம் மறந்துபோயிற்று.

ஜூன் 7, வியாழன்

திட்டுக்குச் செங்கல் போதாது என்றார் மேஸ்திரி. கொல்லையில் கிணற்றடிக் குளிமறைப்பை இடிக்கச் சொன்னேன். இனி அது எதற்கு? மிச்சக் கல்லில் அடுத்த வீட்டு ரோஸி பக்கம் மதிலில் இருந்த சின்ன வழியையும் அடைக்கச் சொன்னேன். அவர்கள் கோழி அதன் வழியாகத்தான் வருகிறது.

"அதை எதுக்கு இப்போ இடிக்கணும், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போறது" என்றாள் ஜயம். இரண்டு தரம் சொன்னாள்.

திட்டுக்கு சிமென்ட் கூடுதலாகப் போடச் சொன்னேன்.

ஜூன் 9, சனி

கண்ணாடி பொருத்தியாயிற்று. முதல் குளியல் நான். எண்ணெய் தேய்த்து, வெந்நீர். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பிறகு ஜயம். ஐந்தே நிமிஷத்தில் வெளியே. தலை நனையவில்லை.

"எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு."

மூக்குக்கண்ணாடியைத் தேடி அரை மணி. நெற்றியிலேயே இருந்தது.

ஜூன் 15, வெள்ளி

கொஞ்சம் வெயில். அப்பளம் காயப்போட்டாள். வெள்ளிக்கிழமையாகியும் தலைக்குக் குளிக்கவில்லை. கேட்டால் ஜலதோஷமாம். தும்மின மாதிரி தெரியவில்லை.

ஜூன் 22, வெள்ளி

இன்றும் இல்லை. சாயங்காலம் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு விளக்கேற்ற வந்தாள். எனக்குக் கோபம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலை குளிக்காம விளக்கேத்தறயே, இந்த ஆத்துல ஆசாரம்னு ஒண்ணு உண்டா இல்லையா?" என்று கத்தினேன்.

தீப்பெட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நானே ஏற்றினேன். இரவு மோர் சாதம் மட்டும்.

ஜூன் 24, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் கொல்லைப் பக்கம் போனேன். அடைத்த மதிலருகே ஜயம். அந்தப் பக்கத்தில் ரோஸியின் தலை மட்டும் தெரிகிறது.

"தலை ஆகெ சிக்குப் பிடிச்சல்லோ, ஜயம்மே. இனி எந்து செய்யும்?"

"என்ன செய்யறது சேச்சி. கை பொந்தினாத்தானே."

கை தூக்க முடியவில்லை என்கிறாள். என்னைப் பார்த்ததும் ரோஸியின் தலை மறைந்துவிட்டது.

உள்ளே வந்து கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆறு மாசமாக இரண்டு கையும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை. ரோஸிதான் வெள்ளிதோறும், நான் ஆபீஸ் போன பிறகு, மதில் வழியாக வந்து எண்ணெய் தேய்த்து, செம்பருத்தி இலை அரைத்த தாளி போட்டுத் தலைக்கு ஊற்றிவிடுவாள். அந்தக் குளிமறைப்புக்குள் வைத்து. அதைத்தான் இடித்தேன். அந்த வழியைத்தான் அடைத்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பேள்? அவ போனப்புறம் கிணத்தடியை மூணு தரம் அலம்பியிருப்பேள்."

அலம்பியிருப்பேன். அதுதான் நிஜம்.

"நான் ஊத்தறேன். இனிமே நான் ஊத்தறேன்" என்றேன்.

"வேண்டா. இருபத்தெட்டு வருஷமா மடி, மடி, தொடாதேன்னு தள்ளி நிறுத்தினேள். இப்போ போய் உங்க முன்னாடி தலையக் காட்ட நேக்கு வெக்கமா இருக்கு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். வெட்கப்படவேண்டியவன் நான்.

தைலம் இன்னும் வாங்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 27, புதன்

தைலம் வாங்கினேன். வரும் வழியில் ரோஸி வீட்டு முன்வாசல். பதினாறு வருஷம் அடுத்தடுத்த வீடு, முதல் தரம் படி ஏறுகிறேன். நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும், முன்வாசல் வழியாக, என்று மட்டும் சொன்னேன்.

தலையசைத்தாள். பிறகு, "சாயா எடுக்கட்டே, சாமீ?"

எடுக்கச் சொன்னேன். குடித்தேன். இனிப்பு ஜாஸ்தி.

ஜயத்திடம் சொன்னதும் என் முகத்தையே பார்த்தாள். "நெஜமாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். ராத்திரி தாளிக்குச் செம்பருத்தி இலை பறித்து வைத்தாள்.

ஜூன் 29, வெள்ளி

லீவு. அடைப்பின் கதவை நானே கழற்றிவிட்டேன், இரண்டு பேருக்கு இடம் வேண்டுமே என்று. பத்து மணிக்கு ரோஸி வந்தாள். நான் முன்வாசலில் பேப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. பல நாளாகக் கேட்காத சத்தம்.

பிறகு சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன்.

ஜயம் உள்ளே, தலை நிறைய எண்ணெயோடு. ரோஸி வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு. காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். "முட்டு மடங்ஙுன்னில்லா, சாமீ." முட்டி மடங்கவில்லை. கிணற்றடியில் ஏறவேண்டிய படியே கிடையாது. இங்கே ஒன்பது அங்குலம். இவளுக்குக் கை எழும்பாது, அவளுக்குக் கால் எழும்பாது. நடுவில் என் திட்டு.

வெளியே நின்று எட்டி ஊற்றினாலும், ஜயத்தை வெளியே உட்கார்த்தி ஊற்றினாலும் தண்ணீர் இந்தப் பக்கம்தான் வழியும்; அடைப்புக்கு வெளியே தண்ணீர் போக வழி வைக்கவில்லை. அதையும் நான்தான் வேண்டாம் என்றேன்.

"சாரமில்லா", பரவாயில்லை என்று சொல்லி, ரோஸி எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போனாள். போகும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜயம் சிக்கலை விரலால் நீவிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "பேசாம கத்தரிச்சுடலாமான்னு தோணறது."

நான் உயிரோடு இருக்கையில், வெள்ளிக்கிழமை, என் மனைவி வாயில் இந்த வார்த்தை.

மேஸ்திரி திங்கட்கிழமைதான் வருவாராம். பக்கத்துக் கடையில் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கி வந்தேன். ஜயம் கதவருகே நின்று, "மெதுவான்னா, கண்ணாடியில படப்போறது" என்றாள். படட்டும் என்றேன். ரோஸியைப் போகச் சொல்லாதே, சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்றேன். அவள் எப்போதோ போயாயிற்று; பதற்றத்தில் அதுகூட மறந்திருந்தது.

இப்போது மணி நாலு. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஓரத்தில் ஓர் அங்குலம் பெயர்ந்திருக்கிறது. கூடுதல் சிமென்ட் போடச் சொன்னது நான்தான்.