நாற்காலியும் சாமான்தானாம்

வின்னிப்பெக்,
ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புள்ள அக்கா எஸ்தெலித்தாவுக்கு,

உன் தங்கை நெனித்தா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சலவை சோப்பில் கை மட்டும் வெடித்திருக்கிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் மகள் ரோவேனாவைக் கேட்டால் "அம்மா நல்லாத்தான் இருக்கு சித்தி" என்கிறாள். அது நீ சொல்லிக்கொடுத்த பேச்சு என்று எனக்குத் தெரியும்.

போனில் நாற்காலிப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

என் வீட்டுக்காரர் பெர்னாபே போய் அக்டோபரில் வருடம் திரும்புகிறது. அவருக்கு வருடப் பூசையை நம் ஊர்க் கோயிலில் வைத்து, அன்றோடு இந்தக் கறுப்பு உடுப்பைக் கழற்றலாம் என்றுதான் செப்டம்பர் கடைசியில் டிக்கெட் எடுத்தேன். கூடவே அவர் சக்கர நாற்காலியையும் உனக்குக் கொண்டுவருகிறேன் என்றதற்கு, "செத்த மனுசன் நாற்காலியில உக்கார வச்சு, ஒத்தக் காலோட என்னை ஊர்வலம் விடப்போறியாடி" என்று கேட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்ததையெல்லாம் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் என் மடத்தனத்தைச் சொல்கிறேன். ஐந்து வருடம் முன்னால் நானும் அவரும் வந்தோமே, அப்போது அந்த நாற்காலியை யாரும் எடை போடவில்லை. விமானத்தின் வாசல்வரை அதில்தான் போனார். அங்கே ஒரு சீட்டைக் கட்டிக் கீழே இறக்கினார்கள். மணிலாவில் அதே சீட்டோடு வந்து நின்றது. எங்கள் பெட்டிகள் கணக்கு தனி. சக்கர நாற்காலி என்றால் விமானத்தில் இலவசம் என்று அன்றைக்கே என் மண்டையில் பதிந்துவிட்டது. அதனால் இந்த முறை இரண்டு பெட்டி நிறைய ஊருக்குச் சாமான் சேர்த்தேன். டின் இறைச்சி, காப்பித்தூள், சாக்லேட், துண்டுகள், உன் பேரனுக்கு ஷூ. எட்டிப்பார்க்கிற அண்டைவீட்டார் யாரையும் விடவில்லை.

என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பெர்லித்தாவை உனக்குப் போனில் தெரியும். அழுக்குத்துணி மூட்டையை எடை போடும் தராசில் அவள்தான் பெட்டிகளை ஏற்றினாள். ஒன்று இருபத்தொன்பது கிலோ, ஒன்று பதினேழு. கூட்டினால் நாற்பத்தாறு, சரியாகத்தானே இருக்கிறது என்றேன். "அது உன் அடுப்படிக் கணக்குடி. பெட்டிக்கு இருபத்துமூணுன்னா ஒவ்வொரு பெட்டியும் இருபத்துமூணுக்குள்ள இருக்கணும். தூக்கிப் போடுறவனுக்கு இடுப்பு ஒண்ணுதான்" என்றாள். அதோடு, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டி நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து தவழ்ந்து அளந்தோம்.

அப்புறம் அவள், நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். லீவு நாளில் பஸ் ஏறி விமான நிலையத்துக்கே போனேன்.

கவுண்டரில் சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். நாற்காலியில வர்றது யாரும்மா என்று கேட்டாள். என் வீட்டுக்காரருடையது என்றேன். கம்ப்யூட்டரில் தட்டித் தட்டித் தேடினாள். "உங்க டிக்கெட்ல உங்க பேர் மட்டும்தானே இருக்கு. அவரும் உங்களோட வர்றாரா?" என்றாள்.

அக்கா, இந்த ஒரு வருடத்தில் நம் பாஷையில் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். போய்விட்டார், ஓய்வெடுக்கிறார், கர்த்தரிடம் இருக்கிறார். பாங்கியில் மரணச் சான்றிதழை நீட்டினேன், வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஊர்ப் பேச்சில், என் வாயால், அவர் செத்துவிட்டார் என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "உக்கார்ற ஆள் கூட வந்தா அதுக்குக் கணக்கே இல்லம்மா. ஆள் வரலைன்னா அதுவும் சாமான்தான்."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியாகத்தான் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. பெர்னாபே எண்பது கிலோ இருந்தார். அவர் உட்கார்ந்திருந்தவரை அந்த நாற்காலிக்கு எடையே இல்லை. அவர் எழுந்து போனதும் அதற்கு எடை வந்துவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு வெகுதூரம் திரும்பி நடந்தேன்.

பெர்லித்தா ஒரு யோசனை சொன்னாள். "நீயே உக்காந்துக்க. ஏறும்போது நொண்டி. மணிலா வந்ததும் மாதா புண்ணியத்துல எந்திரிச்சு நட. ஒவ்வொரு பிளைட்லயும் நாலு அற்புதம் இப்படி நடக்குது" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். அவள் போனபிறகு அடுப்படியில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தும் பார்த்தேன். ஐஸ் ஹாக்கி மட்டையில் சுற்றுகிற கறுப்பு டேப்பை அவர் கைப்பிடியில் சுற்றிவைத்திருந்தார், அதில் அவர் விரல் தாளம் போட்ட இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. உட்கார நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடக்கிற காலை மடக்கிவைத்துக்கொண்டு அவர் இடத்தில் பொய்யாக உட்கார மனம் ஒப்பவில்லை. உன் ஒற்றைக் காலை நினைத்தால் சுத்தமாக ஒப்பவில்லை.

ஊரில் புதிதாக ஒன்று வாங்கிக்கொடேன் என்றும் சொன்னாள். புதிது வாங்கினால் நான் விமானம் ஏறிய வாரமே நீ விற்றுவிடுவாய். பெர்னாபே நாற்காலியை விற்க உனக்குக் கை வராது. கப்பலில் அனுப்பலாம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்குத்தான் வந்து சேரும். அதற்குள் நான் திரும்பியிருப்பேன். தள்ள ஆள் இல்லாவிட்டால் அதில் துணி காயப்போடுவாய். உன்னைத் தெரியாதா எனக்கு.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். டின்னும் காப்பித்தூளும் கப்பலில் போகட்டும், நாற்காலி என்னோடு வரட்டும். இத்தனை வருடம் கழித்து நெனித்தா வெறுங்கையோடு வந்தாள் என்று ஊர் பேசும். கிறிஸ்துமஸ்வரை பேசிக்கொண்டிருக்கட்டும். பெட்டி வந்ததும் வாயில் சாக்லேட் போட்டு அடைத்துவிடு.

நேற்று நானும் பெர்லித்தாவும் அதைக் கழற்றினோம். பெரிய சக்கரம் பொத்தானை அழுத்தினால் வந்துவிடுகிறது. கால்தட்டுக்கும் முதுகுக்கும்தான் ஸ்பேனர் வேண்டியிருந்தது. மடக்கிய சட்டம் ஒரு பெட்டியில், சக்கரங்களும் மெத்தையும் இன்னொன்றில். சக்கரக் கம்பிகளுக்கு இடையில் சோப்பும் காலுறையும் திணித்தேன். பூசை முடிந்து நான் உடுத்தப்போகிற மஞ்சள் கவுனைச் சக்கரத்தின் நடுவில் சுற்றிவைத்தேன். தராசில் இரண்டும் அளவுக்குள் நின்றன. நட்டு போல்ட் எல்லாம் அவர் மாத்திரை டப்பியில் என் கைப்பைக்குள் வரும். "பெட்டி தொலைஞ்சாலும் நட்டாவது ஊர் போய்ச் சேரும்" என்கிறாள் அந்த நாக்குக்காரி.

மணிலாவிலிருந்து நம் ஊர் ரோஹாஸுக்குச் சின்ன விமானத்தில் நான் வரவில்லை. அந்த டிக்கெட் தனி என்பதால் இந்த இரண்டு பெட்டிச் சலுகை அங்கே செல்லாதாம், ஒரு பெட்டிதான் விடுவார்களாம். ஆகவே கப்பலில் வருகிறேன். எந்த நாள் என்று ரோவேனாவுக்குப் போனில் சொல்கிறேன். காலையில் நம் துறைமுகத்தில் இறங்குவேன்.

இனி நான் கேட்க வந்தது. அன்றைக்கு நீ துறைமுகத்துக்கு வர வேண்டும். போன தவக்காலத்தில் காலை எடுத்ததிலிருந்து நீ வாசற்படி தாண்டவில்லை, நற்கருணை கொடுக்கக்கூட சாமியார் வீட்டுக்குத்தான் வருகிறார் என்று ரோவேனா சொன்னாள். அவளைத் திட்டாதே. மூன்று சக்கர வண்டியை வாசலுக்கே கொண்டுவரச் சொல்கிறேன். இரண்டு பேர் பிடித்து ஏற்றுவார்கள். அங்கேயே பெட்டியைப் பிரித்துச் சக்கரத்தை மாட்டுவேன். அப்புறம் மீன் சந்தை வழியாக வீட்டுக்குப் போவோம்.

நினைவிருக்கிறதா, போன தடவை அவரை நீதான் தள்ளினாய். "வழி விடுங்க, கனடா துரை வர்றார்" என்று சந்தை முழுக்கக் கத்தினாய். கடைக்குக் கடை சிப்பி கொடுத்தார்கள், அவரும் வெட்கமில்லாமல் தின்றார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நான் முனகியபோது என்ன சொன்னார்? "பாக்கட்டும். அவங்களுக்கு ரெண்டு கால்தான், எனக்கு நாலு சக்கரம்" என்றார். நீ சிரித்த சிரிப்பில் நாற்காலி வடிகாலில் இறங்கப் பார்த்தது. இப்போது தள்ளுகிற முறை என்னுடையது. கத்தவும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நீ வராவிட்டால் நான் பெட்டியைப் பிரிக்கமாட்டேன். சாமானாகவே கிடக்கட்டும்.

தேவமாதா உன் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கட்டும், வாசற்படியை உனக்குத் தாழ்த்திக் கொடுக்கட்டும். ரோவேனாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தம்.

துறைமுகத்தில் உன் முகத்தைத் தேடப்போகும்
உன் தங்கை
நெனித்தா

பின்குறிப்பு: பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வேண்டும். என்னுடையதைப் பெட்டியில் போட்டால் எடை தாண்டுகிறது, கைப்பையில் போட்டால் பிடுங்கிவிடுவார்களாம். ரோவேனாவிடம் கொடுத்தனுப்பாதே. நீயே மடியில் வைத்து எடுத்து வா.