முதல் சுளை

செங்கம் ரோடு, திருவண்ணாமலை

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

நீயும் பாப்பா கவிநிலாவும் சுகமா? அவளுக்குச் சளி விட்டதா? சாயல்குடியில் மழை உண்டா? எனக்கு ஜூஸ் கடையில் ஒரு குறையும் இல்லை. ஒரு விஷயம், போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

பௌர்ணமியன்று கிரிவலம் வந்த ஒரு பெண், நம் பாப்பா வயதுக் குழந்தையோடு கடைக்கு வந்தார். பக்கத்து வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். வழக்கம்போல் சாத்துக்குடி பிழிந்து, சர்க்கரையும் வெந்நீரும் கலந்து பால் புட்டியில் ஊற்றப் போனேன்.

"புட்டியில ஜூஸ் வேணாங்க, பல்லு கெட்டுடும். ஒரு சுளை உரிச்சுக் குடுங்க, போதும்" என்றார்.

தோலும் கொட்டையும் நீக்கி, சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தேன். அதற்கு அதுதான் முதல் சுளையாம். குழந்தைக்கு ஒரு கண் மூடியது, தோள் சிலிர்த்தது, முகமே சுருங்கிப் போனது. அழப்போகிறது என்று நினைத்தேன். மெல்ல முகம் விரிந்து, மறுபடி கையை நீட்டியது. கிளாஸோடு நின்றவர்கள் குடிக்க மறந்து பார்த்தார்கள். பதினோரு வருடமாகப் பிழிகிறேன். ஒரு பழம் இத்தனை பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

தினமும் புட்டியில் ஜூஸ் கொடு என்று உன்னிடம் சொன்னவன் நான்தான். நிறுத்திவிடு. வாழைப்பழம், பப்பாளி மசித்துக் கொடு.

பஸ் கூட்டம் வந்துவிட்டது, முதலாளி கூப்பிடுகிறார். சாத்துக்குடிச் சுளை மட்டும் நான் வரும்வரை கொடுத்துவிடாதே. கார்த்திகை தீபம் முடிந்ததும் வந்துவிடுவேன். பாப்பாவின் அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும்.

உன் அருள்ராஜ்