மக்காச்சோளத் தட்டையில் மைதா

பசைக் கையோடு என்னைத் தூக்கிக் கொஞ்சிய அம்மாவுக்கு,

நீ போனபின் ஒரு தீபாவளி வந்துபோய்விட்டது. என்ன படிக்கிறாய் என்று நீ கேட்டபோதெல்லாம் கூச்சப்பட்டு, "செடி சம்பந்தமா" என்று முடித்துவிடுவேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன், கேள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் அறுவடை முடிந்த காட்டிலிருந்து அப்பா ஒரு கட்டு மக்காச்சோளத் தட்டை கொண்டுவந்தார். "ஆடு திங்கிறத அரைச்சு என்னத்தம்மா கண்டுபிடிக்கப் போற?" என்று சிரித்தார்.

தட்டையை, அந்தக் காய்ந்த தண்டை, விறைப்பாக நிறுத்துவது அதன் செல்சுவர். அதற்குள் சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன, ஆனால் இனிக்காது. தூளைக் காரத்தில் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, அமிலத்தால் காரத்தை முறித்து எத்தனால் ஊற்றினால், ஒரு வகைச் சங்கிலி வெள்ளையாகத் திரண்டு இறங்கும். பால் திரிவதைப் போல. அதை உடைத்து எந்தச் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சைலோஸ் என்ற சர்க்கரைதான் மிகுதியாக வரும் என்பது பாடம். எனக்கு வந்ததோ குளுக்கோஸ்.

நம் ஊர்த் தட்டையே தனி ரகமோ? ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் முடிவுகளைத் துறையில் சொல்ல வேண்டியிருந்தது.

என் வழிகாட்டி மேடம், எனக்குத் திரண்டு இறங்கிக் காய்ந்த வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். கருநீலம்.

"மாவுச்சத்து. தட்டையில ஏதும்மா இம்புட்டு மாவு? எதுல வடிகட்டுன?"

ஆய்வகத் துணியில் என்று சொல்லியிருந்தால் பழி துணியோடு போயிருக்கும். உள்ளதைச் சொன்னேன்: "எங்கம்மா சேலையில, மேடம்."

நீ பட்டாசுக்குக் காகித வெடிக்குழாய் உருட்டி ஒட்டப் போகும்போது கட்டும், சாயம்போன நூல் சேலை. நீயும் என்னோடு ஆய்வகத்துக்கு வரவேண்டும் என்று ஒரு முழம் கிழித்துக்கொண்டேன். வெந்நீரில் அவித்திருக்க வேண்டும். உன் வாசம் போய்விடுமே என்று பச்சைத் தண்ணீரில் அலசினேன். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் போட்டு நீ காய்ச்சிய மைதாப் பசை, நூலில் காய்ந்து கிடந்தது. சூடான காரம் பட்டதும் கரைந்து என் தட்டைச் சாறோடு சேர்ந்துவிட்டது. மாவை உடைத்தால் வருவது குளுக்கோஸ்தானே.

மேடம் திட்டவில்லை. வடிகட்டாத மிச்சத் துணியிலும் சொட்டச் சொன்னார். நீலம் கோடு கோடாக எழுந்தது. நாலு கோடு. பசை விரல்களை நீ இடுப்பில் துடைத்த இடம்.

துணியை என் கையில் கொடுத்தார். "இதப் பத்திரமா வச்சுக்க. வேற துணி எடுத்து மொதல்ல இருந்து செய்" என்றார்.

அந்த நீலம் இப்போது வெளிறிவிட்டது. மறுபடி சொட்டினால் மறுபடி வருமா? எத்தனை முறை வரும்? தெரிந்துகொள்ள ஆசைதான். சொட்டமாட்டேன்.

புதுத் தூள் ஊறிக்கொண்டிருக்கிறது. இம்முறை எது வந்தாலும் வந்ததை வந்தபடி எழுதுவேன். பழைய பிழையும் ஆய்வேட்டில் ஒரு வரியாக இருக்கும்: 'மாவுச்சத்து வடிதுணியிலிருந்து வந்தது.' யார் துணி என்று அதில் எழுத இடமில்லை, அம்மா. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் சேலையைப் பிடித்தே நடை பழகிய மூத்தவள்,
செல்வி